தடுத்து நிற்போர் ஈட்டித் தரும் அவகாசம்



இயற்கையைக் காக்க விரும்பும் குடிமக்களுக்கு வழக்கமாக மூன்று வழிகள் உண்டு: ஆட்சியாளரிடம் மனுக் கொடுத்தல், நீதிமன்றத்தை நாடுதல், தேர்தலில் வாக்களித்தல். இம்மூன்றும் மெல்ல நகர்பவை. இயந்திர ரம்பமோ நூற்றாண்டுகள் வளர்ந்த மரத்தைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடுகிறது. மனு பரிசீலனையில் இருக்கும்போதே காடு மறைந்துவிடுமானால், பின்னர் எவ்வளவு நேர்மையான தீர்ப்பு வந்தாலும் அது வெட்ட வெளிக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாகவே முடியும். அழிவின் வேகத்துக்கும் நீதியின் வேகத்துக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவில்தான் சூழலியல் நேரடி நடவடிக்கை பிறந்தது. அழிவு நிகழும் இடத்துக்கே சென்று, தம் உடலையோ உழைப்பையோ குறுக்கே நிறுத்தி, வேலையைத் தொடர முடியாமல் செய்வதும், அதனால் வரும் கைதையும் சிறையையும் மனமுவந்து ஏற்பதுமே நேரடி நடவடிக்கை எனப்படுகிறது. இம்முறையின் அரை நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒன்று தெளிவாகும்: அது தன்னளவில் எந்தக் காட்டையும் நிலையாகக் காத்ததில்லை, அறிவியலும் சட்டமும் வாக்குச்சீட்டும் வந்து சேரும்வரை வேண்டிய அவகாசத்தை அது ஈட்டித் தந்திருக்கிறது, அந்த அவகாசமே காடுகளைக் காத்திருக்கிறது.

இம்முறையின் வேர் சூழலியலுக்கு வெளியே இருக்கிறது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய இந்தியர்கள் அநீதியான பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதியேற்ற நாளிலிருந்து தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் வளர்த்தெடுத்த சத்தியாகிரகம், துன்பத்தைப் பிறர்மேல் சுமத்தாமல் தான் ஏற்று எதிராளியின் மனச்சான்றை நோக்கிப் பேசும் போர்முறை. அந்தப் போரில் சிறை சென்று, விடுதலையான சிறிது காலத்திலேயே 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையையும், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போய்ச் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களையும் இவ்வரலாற்றின் முன்னோர் வரிசையில் வைப்பது பொருந்தும். ஏனெனில், காந்தியத்தால் ஈர்க்கப்பட்ட அமெரிக்க அமைதியாளர்கள்தான் அம்முறையைச் சுற்றுச்சூழல் களத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

தீங்கு நிகழும் இடத்தில் நேரில் நின்று சாட்சியாதல் அறக்கடமை என்று நம்பும் கிறித்தவப் பிரிவினர் குவேக்கர்கள். அவர்களுள் ஒருவரும் அமெரிக்கக் கடற்படையில் முன்பு அதிகாரியாக இருந்தவருமான ஆல்பர்ட் பிகலோ, 1958இல் ‘கோல்டன் ரூல்’ என்னும் சிறு பாய்மரப் படகில், மார்ஷல் தீவுகளில் நடந்துவந்த அணுகுண்டுச் சோதனைப் பகுதியை நோக்கித் தோழர்களோடு புறப்பட்டார். ஹொனலூலுவில் படகு தடுக்கப்பட்டது, அவர்கள் சிறைப்பட்டார்கள். அந்தப் பயணத்தின் நினைவு 13 ஆண்டுகள் கழித்துக் கனடாவில் முளைவிட்டது. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா நடத்தவிருந்த நிலத்தடி அணுகுண்டுச் சோதனையைத் தடுக்க, வான்கூவர் நகரிலிருந்து 1971 செப்டம்பரில் ஒரு பழைய மீன்பிடிக் கப்பல் புறப்பட்டது. ‘கிரீன்பீஸ்’ என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். கப்பல் தீவை அடையவில்லை. நவம்பர் 6 அன்று ஏறத்தாழ 5 மெகாடன் ஆற்றல் கொண்ட குண்டும் வெடித்தது. ஆயினும் பயணம் எழுப்பிய எதிர்ப்பலை தணியாததால், மறு ஆண்டே அத்தீவில் இனிச் சோதனை இல்லை என்று அமெரிக்க அரசு அறிவிக்க நேர்ந்தது.

அதே 1971ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், இவ்வரலாற்றில் பலரும் குறிப்பிடத் தவறும் ஒரு பெருஞ்செயல் நடந்தது. பாரமட்டா ஆற்றங்கரையில் எஞ்சியிருந்த கெல்லிஸ் புஷ் என்னும் சிறு காட்டை அழித்துச் செல்வர்க்கான வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் முனைந்தபோது, அப்பகுதியைச் சேர்ந்த 13 பெண்கள், அதிகாரிகளிடம் முறையிட்டுப் பயன் காணாமல், கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் உதவியை நாடினார்கள். ஜாக் மண்டி என்பவரைச் செயலாளராகக் கொண்டிருந்த அச்சங்கம், அந்த நிலத்தில் தன் உறுப்பினர் எவரும் வேலை செய்யமாட்டார் என்று தீர்மானித்தது. சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு வேலையைத் தொடங்கினால், அதே நிறுவனம் வேறிடத்தில் எழுப்பிவரும் கட்டடம் பாதியிலேயே நின்றுவிடும் என்ற எச்சரிக்கையும் உடன் சென்றது. ‘பசுமைத் தடை’ என்று பெயர்பெற்ற இம்முறையில் 1974வரை நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகள் விதிக்கப்பட்டு, பழைய குடியிருப்புகளும் பூங்காக்களும் தப்பின. தம் கூலியை இழந்து ஊரின் பசுமையைக் காத்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். இயற்கையைக் காப்பதும் வேலைவாய்ப்பும் என்றும் பகை என்று சொல்வோர்க்கு அவர்களுடைய செயலே விடை.

இந்தியாவில் இதே காலத்தில் எழுந்த சிப்கோ இயக்கம் பிழைப்பிலிருந்து பிறந்தது. 1970இல் அலக்நந்தா ஆற்றில் வந்த பெருவெள்ளம், மலைச்சரிவுகளில் காடு அழிந்ததன் விளைவை இமயமலைக் கட்வால் மக்களுக்கு உணர்த்தியிருந்தது. உழவுக் கருவி செய்யச் சில மரங்கள் கேட்ட கிராமக் கூட்டுறவு அமைப்புக்கு அனுமதி மறுத்த வனத்துறை, அதே மரங்களை விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கியபோது, சண்டி பிரசாத் பட் தலைமையில் 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்து மக்கள், மரத்தைத் தழுவி நிற்போம் என்று கிளம்பினார்கள். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தின் ஆண்கள் இழப்பீட்டுத் தொகை பெறுவதற்காகச் சமோலிக்கு அழைக்கப்பட்டிருந்த வேளையில், மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். கௌரா தேவி 27 பெண்களுடன் சென்று அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்து நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அச்செயலின் முழுப்பயன் விளங்கும். மாநில அரசு தாவரவியலார் ஒருவரின் தலைமையில் குழு அமைத்தது. அக்குழு அப்பகுதி வெட்டுவதற்கு உரியதன்று என்று கண்டது. அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 ஆண்டுகளுக்கு வணிக வெட்டு நிறுத்தப்பட்டது. பெண்கள் காட்டில் நின்ற நாட்கள், அறிவியல் வந்து பேசுவதற்கு வேண்டிய காலமாயின.

இந்த உண்மை முழு வடிவில் வெளிப்பட்ட இடம் ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவாகிய டாஸ்மேனியா. அங்கே பெடர் ஏரி 1972இல் நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. மனுக்களும் ஊர்வலங்களும் அதைக் காக்கவில்லை. அத்தோல்வியை மறவாதவர்கள் 1976இல் டாஸ்மேனிய வனப்பகுதிச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்களுள் முதன்மையானவர் பாப் பிரவுன் என்னும் மருத்துவர். பிராங்க்ளின் ஆறு கார்டன் ஆற்றோடு கலக்கும் இடத்துக்குக் கீழே புதிய அணை கட்ட மாநில மின் ஆணையம் திட்டமிட்டிருந்தது. 1981 டிசம்பரில் மாநில அரசு மக்கள் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு அணைத் திட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே அச்சீட்டில் இருந்தது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், எந்த அணையும் வேண்டாம் என்று சீட்டின்மேல் தம் கையாலேயே எழுதிப் போட்டார்கள்.

ஆற்றங்கரையில் எழுந்த முற்றுகை 1982 டிசம்பர் 14 அன்று தொடங்கியது. அதே நாளில் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஸ்ட்ராகன் என்னும் சிற்றூரில் பதிந்துகொண்டு, வன்முறை தவிர்க்கும் பயிற்சி பெற்ற பின்னரே தொண்டர்கள் ஆற்றுக்குச் சென்றார்கள். இயந்திரங்களை ஏற்றிவந்த மிதவைகளின் முன் சிறு ரப்பர் படகுகள் நின்றன. காட்டுப் பாதையில் மனிதர்கள் அமர்ந்தார்கள். 1,200க்கும் மேற்பட்டோர் கைதாயினர். மீண்டும் அங்கே செல்வதில்லை என்ற நிபந்தனையை ஏற்றால் பிணை உண்டு என்றபோது, நூற்றுக்கணக்கானோர் அதை ஏற்க மறுத்துச் சிறை சென்றனர். 19 நாட்கள் சிறையிலிருந்த பாப் பிரவுன், விடுதலையான உடனேயே மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1983 மார்ச் மாத நாடாளுமன்றத் தேர்தலில், அணையைத் தடுப்பதாக வாக்குறுதி அளித்த பாப் ஹாக்கின் தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்தது. புதிய அரசு அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மாநில அரசு எதிர்த்து வழக்காடியது. உலக மரபு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றலாம் என்று 1983 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிராங்க்ளின் ஆறு இன்றும் தடையின்றி ஓடுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடியினர் வாழ்ந்த குட்டிகினா குகையும் மூழ்காமல் இருக்கிறது. தீர்ப்பெழுதியவர்கள் நீதிபதிகள், ஆட்சியை மாற்றியவர்கள் வாக்காளர்கள்; ஆனால், அவ்விருவரும் வந்து சேரும்வரை அந்த ஆற்றை விடாமல் பிடித்து வைத்திருந்தவர்கள் சேற்றில் நின்ற தொண்டர்கள்.

அமெரிக்காவில் இவ்வியக்கம் ஏமாற்றத்திலிருந்து எழுந்தது. தேசியக் காடுகளில் சாலை புகாத 6 கோடியே 20 லட்சம் ஏக்கர் நிலத்தை ஆராய்ந்த வனத்துறை, 1979இல் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் ஏக்கரை மட்டுமே வனப்பகுதியாகப் பாதுகாக்கப் பரிந்துரைத்தது. தலைநகரில் அமர்ந்து பேரம் பேசிச் சலித்த டேவ் போர்மனும் தோழர்களும் 1980இல் ‘எர்த் பர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டில் கிளென் கேன்யன் அணையின் முகப்பில் ஏறத்தாழ 300 அடி நீளக் கருப்பு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, அணை பிளந்தது போன்ற தோற்றத்தை உருவாக்கினார்கள். 1983இல் ஆரிகன் மாநிலத்தின் பால்ட் மலையில் காட்டுச்சாலை போடும் பணியை அவர்கள் மறித்துநின்ற மாதங்களில் வழக்கு தொடரப்பட்டு, நீதிமன்றமே அப்பணியை நிறுத்தியது.

அந்த இயக்கத்துக்குள்ளேயே ஒரு கொடிய கிளைவழியும் இருந்தது. ரம்பம் பட்டால் அது பாழாகும்படி மரத்தில் ஆணி அறைந்துவைப்பதைச் சிலர் ஆதரித்தனர். 1987இல் கலிபோர்னியாவின் குளோவர்டேல் மர அறுவை ஆலையில், ஆணி ஒன்று ரம்பத்தில் பட்டு, உடைந்து தெறித்த ரம்பம் ஓர் இளம் தொழிலாளியின் முகத்தைச் சிதைத்தது. அந்த ஆணியை அறைந்தவர் யார் என்பது நிறுவப்படாவிட்டாலும், அம்முறையின் அறம் அன்றே குலைந்தது. மரம் வெட்டும் தொழிலாளியும் காட்டை அழிக்கும் அதே நிறுவனத்தின் சுரண்டலுக்கு ஆளானவர் என்று கண்ட அவ்வியக்கத்தவர் ஜூடி பாரி, 1990இல் ஆணி அறைதலை வெளிப்படையாகக் கைவிடச் செய்து, செம்மரக் கோடை என்னும் பெருந்திரள் அறப்போருக்கு மக்களை அழைத்தார். அவ்வாண்டு மே 24 அன்று ஓக்லந்து நகரில் அவருடைய காரில் குண்டு வெடித்தது. படுகாயமுற்ற அவரையே காவல்துறை குற்றவாளியாக்க முயன்றது. அவர் 1997இல் மறைந்த பிறகு, 2002இல் நடுவர் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டு, அவர் மரபுரிமையாளருக்கும் காரில் உடனிருந்த தோழருக்கும் 44 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அவர் காக்கப் போராடிய ஹெட்வாட்டர்ஸ் காட்டின் மையப்பகுதி 1999இல் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்டது.

வெற்றிகளை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. 1992இல் இங்கிலாந்தின் டுவைபர்ட் டவுன் என்னும் சுண்ணாம்புக் குன்றைக் காக்க மறித்துநின்றோர் அகற்றப்பட்டு, நெடுஞ்சாலை குன்றைப் பிளந்தது. 1996இல் நியூபெரியில் மரங்களின்மேல் குடிசை கட்டி வாழ்ந்தோரும் இறக்கப்பட்டனர். அவர்கள் பெற்றுத் தந்த அவகாசத்தைச் சட்டமோ ஆட்சியோ பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆயினும், அங்கே ஏற்பட்ட செலவும் பொதுமக்களின் மனமாற்றமும் சேர்ந்து, அந்நாட்டின் பெருஞ்சாலைத் திட்டம் அப்பத்தாண்டு முடிவதற்குள் பெருமளவு சுருக்கப்பட்டது.

இவ்வழியினர் சட்டத்தை மீறுகிறார்கள் என்பது பெரிய குற்றச்சாட்டு. அதற்கான விடை அவர்களுடைய நடத்தையிலேயே இருக்கிறது: ஒளிந்து மீறுபவன் சட்டத்தை ஏமாற்றுகிறான், பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, தண்டனையை ஏற்பவர் சட்டத்தின் மனச்சான்றைத் தட்டி எழுப்புகிறார். பிறர்க்கு ஊறு விளைவிக்கும் கணத்தில் அந்தத் தகுதி போய்விடுகிறது என்பதைக் குளோவர்டேல் காட்டியது. தன்மேல் துன்பம் ஏற்கும்வரை அது வளர்கிறது என்பதை ரேணியும் பிராங்க்ளினும் காட்டின.

தடுத்தல் இப்பணியின் தொடக்கம் மட்டுமே என்பதற்குத் தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 1979இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டெரானியா கிரீக் மழைக்காட்டில் புல்டோசர்களின் முன் நின்றவர்களுள் ஒருவரான ஜான் சீட், பின்னர் திருவண்ணாமலையிலிருந்து வந்த வேண்டுகோளை ஏற்று, மொட்டையாகிக் கிடந்த அண்ணாமலைச் சரிவுகளில் மரம் வளர்க்கும் முயற்சிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நிதி திரட்டி உதவினார். வெட்டுவோரைத் தடுத்த கை நடுவோருக்கும் துணை நின்றது.

எனவே, தடுத்து நிற்போரைப் போற்றுவதோடு ஒரு சமூகத்தின் கடமை தீர்ந்துவிடாது. அவர்கள் சிறையிருந்து ஈட்டிய நாட்களில் ஆய்வாளர் ஆய்வு செய்ய வேண்டும், வழக்கறிஞர் வழக்காட வேண்டும், எழுத்தாளர் எழுத வேண்டும், தொழிற்சங்கம் தோள் கொடுக்க வேண்டும், வாக்காளர் தம் வாக்கின் வலிமையைக் காட்ட வேண்டும். அந்நாட்களை வீணாக்கும் சமூகம், காட்டை மட்டுமன்றித் தனக்காகச் சிறை சென்றவர்களையும் கைவிடுகிறது. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் சமூகமே தன் ஆறுகளையும் காடுகளையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் தகுதியைப் பெறுகிறது.