சிலுவைப் போர்களும் சொன்ன சொல்லும்

(பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிம் அல்ல. வரலாற்றுப் பேராசிரியரும் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு, வாப்பாவின் மசாலைச் சாமான் கடைக்கே திரும்பி வந்த வியாபாரி. சிலுவைப் போர்களைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஒரு பையன்.

நம் சங்கத்தின் வார இறுதி வகுப்புக்கு வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தன்னோடு படிக்கும் கிறிஸ்தவப் பையனைப் பார்த்து, “நீ சிலுவைப் போர்க்காரன், உங்க ஆளுங்க எங்களைக் கொன்னவங்க” என்று சொல்லிவிட்டான். ஏதோ கணினி விளையாட்டிலும் கைப்பேசிக் காணொளியிலும் பார்த்தது. இரண்டு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவனுடைய வாப்பா நம் கடைக்கு அழைத்து வந்தார். பையன் நேராகவே கேட்டான்: “மாமா, நான் சொன்னது பொய்யா?”

பொய் என்று சொல்ல முடியவில்லை. முழு உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. “படிச்சுட்டு வந்து சொல்றோம்” என்றோம். கடை மூடிய பிறகு இரவுகளில் படித்தோம். படித்ததில் ஒரு பகுதியைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் கதையின் தொடக்கம். 1071இல் மன்ஸிகெர்ட் களத்தில் செல்ஜூக் துருக்கியரிடம் பைசாந்தியப் பேரரசு தோற்றது. பின்னாளில் அதன் பேரரசர் அலெக்சியஸ் மேற்கு ஐரோப்பாவிடம் உதவி கேட்டார். 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் ஆற்றிய உரை, கேட்ட உதவியைவிடப் பல மடங்கு பெரிய படையெடுப்பாக மாறியது. அந்தப் படையெடுப்பில் முதலில் கொல்லப்பட்டோரில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரை யூதர்களும் உண்டு. அது 1096. பைத்துல் முகத்தஸை யாரும் கண்ணால் பார்க்கும் முன்பே நடந்தது.

அப்போது நம்மவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். சிலுவைப் படை வட சிரியாவில் நின்ற அதே 1098இல்தான், எகிப்தின் ஃபாத்திமியர்கள் பைத்துல் முகத்தஸைத் துருக்கியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டு, 1099 ஜூலை 15, வெள்ளிக்கிழமை. நகரம் வீழ்ந்தது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் முஸ்லிம்களும் யூதர்களும் கொல்லப்பட்டார்கள். எழுபதாயிரம் பேர் என்று நூறு ஆண்டுக்குப் பின் வந்த இப்னுல் அதீர் எழுதினார். அந்த எண்ணிக்கை மிக அதிகம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் படுகொலை நடந்ததை யாரும் மறுக்கவில்லை. படையோடு வந்தவர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, பையன் சொன்னதில் உண்மை இருக்கிறது.

வந்தவர்களை அரபிகள் ‘இஃப்ரன்ஜ்’ என்று அழைத்தார்கள். பிராங்க் இனத்தார் என்று பொருள். அந்தச் சொல்தான் பல வாய் மாறி நம் தமிழில் ‘பரங்கி’ ஆனது. பரங்கிப்பேட்டைக்காரர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே இந்தப் பழைய கதையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

சரி, அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் தினமும் வெட்டும் குத்துமா? இல்லை. இங்கேதான் வியாபாரியாகிய நமக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

இப்னு ஜுபைர் என்று ஒரு பெரியவர். ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவர் ஏறிய கப்பலே ஜெனோவா நகரத்துக் கிறிஸ்தவர்களின் கப்பல். அலெக்சாண்டிரியாவில் இறங்கினார். அது சலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகம். அங்கே சுங்க அதிகாரிகள் ஹாஜிகளின் இடுப்புத் துணிக்குள் கைவிட்டுச் சோதித்தார்கள். கையிலிருந்த பொருளுக்கு ஓராண்டு நிறைந்ததா என்றுகூடக் கேட்காமல் ஜகாத் வசூலித்தார்கள். சுல்தானுக்கு இது தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று வருந்தி எழுதுகிறார்.

ஹஜ் முடித்து, 1184இல் டமாஸ்கஸிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு அக்கா நகருக்கு வருகிறார். அது பரங்கியரின் முக்கியத் துறைமுகம். சுங்கச் சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் உட்கார்ந்து அரபியில் கணக்கு எழுதுகிறார்கள், அரபியிலேயே பேசுகிறார்கள். சோதனை மரியாதையோடு நடந்தது என்று பதிவு செய்கிறார். சலாஹுத்தீன் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த அதே நாட்களில், முஸ்லிம் வணிகர்கள் பரங்கியர் ஊருக்கும் பரங்கி வணிகர்கள் முஸ்லிம் ஊருக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் தீர்வை வாங்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

அவர் வெள்ளை மட்டும் பூசவில்லை. சங்கிலியில் கட்டி வேலை வாங்கப்பட்ட முஸ்லிம் கைதிகளை அங்கே கண்டு கலங்கியதையும் எழுதுகிறார். இன்னொன்றையும் மறைக்கவில்லை: பரங்கியரின் கீழிருந்த முஸ்லிம் விவசாயிகள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள், முஸ்லிம் நிலச்சுவான்தாரர்களின் கீழிருந்தவர்களோ கொடுமை தாங்காமல் புலம்பினார்கள். இதை எழுத அவருக்கு மனம் வலித்திருக்கும். ஆனாலும் எழுதினார்.

காசு சமாச்சாரம் இதைவிட வியப்பு. பரங்கியர் தங்கள் நகரங்களில் அடித்த தங்க நாணயங்கள் ஃபாத்திமிய கலீஃபாக்களின் தினாரைப் பார்த்து வார்த்தவை. அதிலிருந்த கலிமா உட்பட அரபி எழுத்துகளையும் அப்படியே பார்த்து அச்சிட்டார்கள். சந்தையில் அந்தக் காசைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். 1250ஆம் ஆண்டையொட்டித் திருச்சபை கண்டித்த பிறகுதான் வாசகத்தை மாற்றினார்கள். மாற்றியபோதும் கிறிஸ்தவ வாசகத்தை அரபியிலேயே பொறித்தார்கள். நம் மலபார் மிளகும் ஏடன், செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், இத்தாலிய வணிகர் கையில் ஐரோப்பா சேர்ந்தது இந்தக் காலத்திலும்தான்.

வியாபாரம் நம்பிக்கையில் நடக்கிறது. அந்த நம்பிக்கையை ஒருவன் உடைத்தான். கரக் கோட்டையின் தலைவன் ரெனால்ட். அரபு நூல்களில் அர்னாத். இரு தரப்புக்கும் போர் நிறுத்த ஒப்பந்தம் இருந்தபோதே, அவன் தன் எல்லை வழியே போன வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்து ஆட்களைச் சிறைபிடித்தான். திருப்பிக் கொடு என்று அவனுடைய மன்னரே சொல்லியும் கேட்கவில்லை.

விளைவு, 1187 ஜூலை 4, ஹித்தீன் களம். தண்ணீர் இல்லாத மேட்டில், கோடை வெயிலில் பரங்கியர் படை நொறுங்கியது. பிடிபட்ட மன்னருக்கு சலாஹுத்தீன் குளிர்ந்த நீர் கொடுத்தார். மன்னர் மிச்சத்தை ரெனால்டிடம் நீட்டினார். “அவனுக்குக் கொடுத்தது நான் அல்ல” என்ற கருத்தில் சுல்தான் பேசியதாக வரலாறு சொல்கிறது. கையால் நீர் கொடுத்தால் உயிருக்குப் பாதுகாப்பு என்பது அந்நாட்டு வழக்கம். மன்னர் பிழைத்தார், ரெனால்டை சுல்தான் தம் கையாலேயே வெட்டினார். பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்களும் அவர் உத்தரவால் கொல்லப்பட்டார்கள். நமக்குப் பிடித்த சுல்தான் என்பதற்காக இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

மூன்று மாதம் கழித்து பைத்துல் முகத்தஸ். 1099இல் நீங்கள் செய்ததையே செய்வேன் என்றுதான் சுல்தான் முதலில் சொன்னார். நகரத்தைக் காத்து நின்ற பாலியன் பதிலுக்கு மிரட்டினார்: உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்று, புனித இடங்களை இடித்துவிட்டுத்தான் சாவோம். கடைசியில் பேச்சுவார்த்தை முடிவானது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. 40 நாள் கெடு. ஏழைகளுக்காக மொத்தமாக 30,000 தினார். 1187 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, ஹிஜ்ரி 583 ரஜப் பிறை 27 அன்று நகரம் கைமாறியது. அன்று 1099 திரும்ப நடக்கவில்லை.

இனி நாம் சொல்லப் போவதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். நகரின் கிறிஸ்தவத் தலைமைக் குரு, தமக்குரிய 10 தினாரைக் கட்டிவிட்டு, தேவாலயச் செல்வங்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு வெளியேறினார். பணமில்லாத ஏழைக் கிறிஸ்தவர்கள் உள்ளே தவித்துக்கொண்டிருந்தார்கள். சுல்தானின் செயலாளர் இமாதுத்தீனுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் செல்வத்தைப் பறிமுதல் செய்யச் சொன்னார். சுல்தான் மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறினோம் என்ற பேச்சு நமக்கு வரக்கூடாது என்பது அவர் நிலை. 10 தினார் என்று பேசியாயிற்று, 10 தினார்தான்.

அவருடைய தம்பி ஆதில் ஆயிரம் ஏழைகளைக் கேட்டு வாங்கி விடுதலை செய்தார். சுல்தானும் பலரை விடுவித்தார். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்ட முடியாமல் அடிமைகளானார்கள். அதையும் நம் பக்கத்து நூல்களே சொல்கின்றன. தேவாலயத்தை இடிக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் விட்டுவைத்ததை நாம் தொடுவதா என்று அது காப்பாற்றப்பட்டது. அது இன்றும் அங்கே நிற்கிறது.

பிறகு மூன்றாம் சிலுவைப் போர். 1191 ஆகஸ்டில் அக்கா நகரில், ஒப்புக்கொண்ட பணம் வரத் தாமதம் என்று இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளைக் கொன்றார். பதிலுக்கு சுல்தானும் கைதிகளைக் கொன்றார். ஆனால் 1192 செப்டம்பரில் அதே இருவர் ஒப்பந்தம் செய்தார்கள். கடற்கரை அவர்களுக்கு, பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களுக்கு, ஆயுதமில்லாமல் வரும் கிறிஸ்தவப் பயணிகளுக்கு வழி திறந்திருக்கும் என்று முடிவானது. சுல்தான் அந்தச் சொல்லையும் காத்தார்.

1193 மார்ச்சில் டமாஸ்கஸில் அவர் வஃபாத்தானார். கஜானாவில் இருந்தது 47 திர்ஹமும் ஒரே ஒரு பொற்காசும் என்று, கூடவே இருந்த காழி இப்னு ஷத்தாத் எழுதுகிறார். அது ஸூர் நகரத்துப் பொற்காசு. ஸூர், சுல்தான் கடைசிவரை பிடிக்க முடியாமல் போன பரங்கியர் நகரம்.

1204இல் சிலுவைப் படை சக கிறிஸ்தவர்களின் கான்ஸ்டான்டினோப்பிளையே சூறையாடியது. 1268இல் அந்தாக்கியாவை மம்லூக் சுல்தான் பைபர்ஸ் பிடித்தபோது நடந்த படுகொலையும் லேசானதல்ல. 1291இல் அக்கா வீழ்ந்ததோடு பரங்கியர் ஆட்சி அங்கே முடிந்தது. இரு பக்கமும் சேர்த்து எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்கள், அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும்.

நம் கடையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். 1997இல் டாலருக்கு இரண்டரை வெள்ளி. அடுத்த ஜனவரியில் அது நாலரை வெள்ளியைத் தாண்டிவிட்டது. அந்தச் சமயம் வாப்பா முப்பது மூட்டை சீரகத்துக்கு ஒரு சீனத் தவுக்கேயிடம் வாய்ப்பேச்சாக விலை பேசியிருந்தார். கையெழுத்து இல்லை, முன்பணம் இல்லை. சரக்கு வந்தபோது விலை எங்கேயோ போய்விட்டது. வாப்பா வித்தியாசத்தில் பாதியையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தவுக்கே, “பேசியது பேசியதுதான்” என்று பழைய விலைக்கே பில் போட்டார். அவர் கடைச் சுவரில், நாட்காட்டிக்கு மேலே, ஒரு மரச் சிலுவை மாட்டியிருக்கும். அந்த நோன்புப் பெருநாளுக்கு வாப்பா அவர் வீட்டுக்குச் சோற்றுச் சட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போனார். பத்து வயதில் பின்னாலேயே நடந்துபோனது நமக்கு நினைவிருக்கிறது. “அமானிதம் பேணுற மனுசன்” என்றார் வாப்பா. வேறு விளக்கம் சொல்லவில்லை.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னோம். “நீ சொன்னது பொய்யில்லை தம்பி. 1099 நடந்தது. ஆனா அந்தக் கணக்கை உன் பக்கத்து மேசைக்காரன் பேரில் எழுதக் கூடாது. அவன் உன்னிடம் கடன் வாங்கலை. சலாஹுத்தீனை உனக்குப் பிடிக்குமானால், அவர் வாளைப் பார்க்காதே, அந்த 10 தினாரைப் பார்” என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அவன் என்கூடப் பேசலேன்னா?” என்று கேட்டான். “முதல்ல சலாம் சொல்றவருக்குத்தான் நன்மை அதிகம்னு வகுப்பில படிச்சியே” என்றார் அவன் வாப்பா. போன வாரம் இரண்டு பையன்களும் சேர்ந்து கடைக்கு வந்து ஐஸ் வாங்கிப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

நம் ஜார்ஜ் டவுனில் பழைய பிட் ஸ்திரீட்டை ஒரு முனையிலிருந்து நடந்து பாருங்கள். தேவாலயம், சீனக் கோயில், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில், பிறகு நம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இருநூறு ஆண்டாக அந்தத் தெருவில் நம் முன்னோர் கடை வைத்தார்கள், கடன் கொடுத்தார்கள், கடன் வாங்கினார்கள். நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுக்கு நம் பிள்ளைகளிடம் அதைப் பத்திரமாக ஒப்படைப்போம்.

சொன்ன சொல்லைக் காக்கும் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.