வாழையில் முடிக்கொத்து நோய்: நஷ்டம் யார் தலையில்?

(கடலூர் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் வாசகம்)



2011 டிசம்பர் 30-ந் தேதியைக் கடலூர்க்காரர் யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தானே புயல் அடித்த நாள். விடிந்து பார்த்தால் முந்திரி இல்லை, பலா இல்லை, வாழை இல்லை. தார் தள்ளிய மரமெல்லாம் முட்டுக் கொடுத்த சவுக்குக் கழியோடு சேர்ந்து மண்ணிலே கிடந்தது. அப்போது மந்திரிகள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். கொடுத்த நிவாரணம் போதுமா, உழுதவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். நஷ்டம் என்று ஒன்று உண்டு என்பதையாவது ஒப்புக்கொண்டார்கள்.

இன்று நான் பேச வந்திருப்பது சத்தம் போடாத புயலைப் பற்றி. அது ஒரே ராத்திரியில் சாய்க்காது. தோப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகப் பச்சையாகவே இருக்கும். தார் மட்டும் வராது. இதைப் பார்க்க எந்த மந்திரியும் வரமாட்டார்.

முடிக்கொத்து நோயைத்தான் சொல்கிறேன். மலையாளத்தில் இதைக் குருநாம்பு என்பார்கள், மண்டையடைப்பு என்றும் சொல்வார்கள். மண்டையடைப்பு என்பது நல்ல பெயர். நோய் செய்கிற காரியம் அப்படியே அதில் இருக்கிறது. புதிதாக வருகிற இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டையாக, ஒடுங்கி, விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். ஓரம் மஞ்சளாகும், மடக்கினால் ஒடியும். இலைகள் பிரிந்து விரியாமல் உச்சியில் கொத்தாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சின்னக் கன்றில் வந்தால் அது தார் போடவே போடாது. வளர்ந்த மரத்தில் வந்தால் முறுக்கிக்கொண்டு ஒரு சூம்பல் தார் வரும். எந்த வியாபாரியும் அதை விலை பேசமாட்டான்.

கொத்து விழுந்த பிறகு நோயைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அதற்கு முன்பே பார்க்கவேண்டும். இலைக்காம்பிலும் நடு நரம்பின் அடியிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தபாலாபீசில் தந்தி அடித்த காலத்துக் குறிகளைப் போல இருக்கும். காம்பின் மேலே இருக்கிற வெள்ளைப் பொடியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும். இதற்குப் படிப்பு வேண்டாம். இலை அறுக்கப் போகிற நம் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை நூறு காம்பைக் கையில் பிடிக்கிறார்கள்! இந்த ஜில்லாவில் அவர்களைவிட நல்ல பரிசோதகர்கள் யாரும் இல்லை. ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்த நோய் வைரஸ் என்ற நுண்ணிய கிருமியால் வருவது. இதற்கு மருந்து கிடையாது. மருந்து உண்டு என்று டப்பாவைக் காட்டி எவன் வந்தாலும் காசு கொடுக்காதீர்கள். இது காற்றில் பறப்பதில்லை, மண்ணில் தங்குவதில்லை, வெட்டுகிற கத்தியாலும் ஒட்டுவதில்லை. இரண்டே வழியில்தான் பரவுகிறது. ஒன்று, நோய் கண்ட தூரிலிருந்து எடுக்கிற கன்று. மற்றொன்று, அசுவினி என்கிற கறுத்த சின்னப் பூச்சி. குருத்துக்குள்ளும் மட்டையின் அடியில் மண்ணை ஒட்டியும் கும்பலாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். எறும்பு அதைக் காவல் காக்கும். நோயுள்ள மரத்தில் உறிஞ்சிய பூச்சி அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தால் நோயும் அங்கே போயிற்று. கிருமி ஏறிய கன்றில் அடையாளம் தெரியச் சில வாரங்களாகும். அதற்குள் அந்தக் கன்று விலைக்குப் போய் இன்னொரு ஊரில் நட்டாகியிருக்கும். வாங்கியவனும் அறியான், விற்றவனும் அறியான்.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான். நோய் கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி அழிக்கவேண்டும். அதற்கும் முன்னால் மருந்து தெளித்து அசுவினியைக் கொல்லவேண்டும். முதலில் மரத்தை வெட்டிப் போட்டீர்களானால் பூச்சியெல்லாம் பக்கத்து மரத்துக்குக் குடி போய்விடும். அவசரக்காரன் கெடுத்துக்கொள்கிற இடம் இது.

சொல்வது சுலபம். கடலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் குத்தகை நிலத்தில் வாழை வைத்திருந்த ஒருவரிடம் நான் இதைச் சொன்னேன். "அண்ணே, பிடுங்கிப் போட்டுவிடுங்கள்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "பிடுங்குகிறேன் தம்பி. பிடுங்கின குழிக்கு யார் குத்தகை கட்டுவது?" என்று கேட்டார்.

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 தூர். குழி வெட்டியது, கன்று வாங்கியது, உரம் வைத்தது, மண் அணைத்தது எல்லாம் கடன். தார் அறுக்க ஒரு வருஷம் ஆகும். அந்த மரத்தில் இலையாவது அறுக்கலாம், ஒரு வேளை தேறிவிடும் என்று அவர் விட்டு வைக்கிறார். அது தேறாது. அவர் விட்டு வைத்த பத்து மரம் பக்கத்துத் தோப்புக்கு நோயை அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தோப்புக்காரர் நாணயமாகத் தம் மரத்தைப் பிடுங்கினாலும் பயனில்லை. வேலி தாண்டிப் பூச்சி மறுபடி வரும். பிடுங்கியவர் இரண்டு முறை நஷ்டப்படுகிறார். அடுத்த தடவை அவரும் பிடுங்கமாட்டார். இதை விவசாயியின் அறியாமை என்று சில கனவான்கள் எழுதுகிறார்கள். அறியாமை எங்கே இருக்கிறது? அவர் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார். தனி ஆளாக நின்று போட்டால் கணக்கு அப்படித்தான் வரும்.

எல்லோரும் அப்படியே கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் ஜில்லாவில் கீழ்ப் பழனி மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் பக்கமெல்லாம் காப்பித் தோட்டத்தின் நடுவே விருப்பாட்சி என்ற மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழம் அதுதான். மழைத் தண்ணீரில் விளைவது. குதிரை முதுகிலும் தலைச் சுமையிலும் இறங்கிவந்தது. 1970-களில் 18,000 ஹெக்டேர், அதாவது சுமார் 45,000 ஏக்கர் இருந்தது. பிறகு முடிக்கொத்து பரவி 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு போயிற்று! அங்கே ஒரு தூரை வைத்தால் வருஷக் கணக்கில் அதே தூரில் மறுதாம்பு எடுப்பது வழக்கம். அதனால் நோயும் வருஷக் கணக்கில் அங்கேயே குடியிருந்தது. நட்ட இடத்தில் மறுபடி நட, கன்றையும் அதே மலையிலிருந்துதான் எடுத்தார்கள்.

2008-ல் விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இந்தப் பழம் இந்த ஊருக்கே உரியது என்ற பத்திரம். பத்திரம் நல்லதுதான். மரம் போன பிறகு வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் திருச்சியில் 1993-ல் ஏற்பட்ட வாழை ஆராய்ச்சி நிலையத்தாரும் கிருமி இல்லாத கன்றுகளைச் சோதித்து, திசு வளர்ப்பில் பெருக்கும் வழியைக் கண்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள், அதை நாம் மனதாரச் சொல்லவேண்டும். ஆனால் சுத்தமான கன்றை நட்டுவிட்டு, சுற்றிலும் நோய்த் தோப்பை விட்டு வைத்தால் எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்?

இதை ஜெயித்த இடம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆஸ்திரேலியாவில் 1913 வாக்கில், பிஜித் தீவிலிருந்து போன கன்றுகளோடு இந்த நோய் இறங்கியது. (அதே 1913-ல் இலங்கையிலும் தென்பட்டது. அங்கிருந்துதான் 1940-ல் கேரளத்துக்கு வந்தது என்கிறார்கள்.) முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் அங்கே வாழை போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தோட்டம் தோட்டமாகக் கைவிட்டு ஓடினார்கள். அப்போது மாகீ என்ற விஞ்ஞானி இது அசுவினியாலும் கன்றாலும் பரவுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதன்மேல் சட்டம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் கன்று நடக்கூடாது. பரிசோதகர் தோட்டம் தோட்டமாக வருவார். நோய் மரம் கண்டால் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைக் கொன்று, தோண்டி எடுத்தே ஆகவேண்டும். பணக்காரன் தோட்டம், ஏழை தோட்டம் என்று பார்க்கவில்லை. வாழைத் தொழில் மறுபடி எழுந்தது. அதே கிருமி, அதே பூச்சி, அதே மருந்தில்லாத நோய்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் பிடுங்கினார்கள், பிடுங்கவைக்க ஒரு சர்க்கார் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்ற தேசம். அங்கே வாழையைப் பிடித்தது வேறு நோய், மண்ணில் தங்குகிற வாடல் நோய். நம் ரஸ்தாளியை அழிக்கிறதும் அதே இனம்தான். யுனைட்டெட் புரூட் என்ற அமெரிக்கக் கம்பெனி என்ன செய்தது? நோய் பிடித்த கிழக்குக் கரையை விட்டுவிட்டு மேற்குக் கரைக்குத் தோட்டத்தை மாற்றியது. கிழக்கே தோட்டத்தில் உழைத்த கறுப்புத் தொழிலாளிகள் மேற்கே வேலைக்கு வரக்கூடாது என்று 1934-ல் சட்டமே போட்டார்கள். கம்பெனிக்கு வேறு கரை இருந்தது. நம் குத்தகைக்காரருக்கு வேறு கரை ஏது? அவரிடம் நாள் கூலிக்குப் போகிற அம்மாவுக்கு ஏது?

நெல்லிக்குப்பம் ஆலைத் தோழர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். "வாழைக்கும் எங்களுக்கும் என்ன?" என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்கள் வீட்டிலும் பாதிப் பேர் காட்டு வேலைக்குத்தான் போகிறார்கள். கரும்பில் செவ்வழுகல் நோய் உங்களுக்குத் தெரியும். கரணையைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுவே வெள்ளைத் திட்டு, சாராய வாடை. அதுவும் விதைக் கரணையில் பரவுவதுதான். ஆனால் கரும்புக்கு அந்த நோய் வந்தால் ஆலையே ஆள் அனுப்பிக் கவனிக்கும். ஏன்? கரும்பு குறைந்தால் ஆலை நின்றுபோகும். கரும்புக்கென்று கடலூரிலேயே ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வாழைக்கு ஆலை கிடையாது. தரகனும் லாரியும்தான் உண்டு. இந்தத் தோப்பில் தார் இல்லையென்றால் லாரி அடுத்த ஜில்லாவுக்குப் போகும். வாழை பிழைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் உழுகிறவனையும் சுமக்கிறவனையும் தவிர யாருக்கும் இல்லை.

பயிர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சொல்வார்கள். வட்டாரம் முழுவதன் மகசூலை அளந்து பார்த்துத்தான் அது கிடைக்கும். வட்டாரத்தில் நாலு தோப்பு கெட்டால் அந்த நாலு பேருக்கும் கிடைக்காது. அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அடங்கலில் பெயர் ஏது? குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தது. பெயர் பதியாமல் உழுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கூலிக்காரருக்கோ இன்ஷூரன்சில் எந்த இடத்திலும் பெயர் கிடையாது. குழி வெட்டு, மண் அணைப்பு, முட்டுக் கட்டுதல், இலை அறுப்பு, தார் வெட்டு, லாரி ஏற்றுதல் என்று ஒரு ஏக்கர் வாழையில் எத்தனை வேலை! தார் இல்லையென்றால் பின்பாதி வேலை அத்தனையும் போயிற்று. இந்த நஷ்டம் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறுவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. பிடுங்குகிற ஒவ்வொரு தூருக்கும், பிடுங்கிய அன்றே எண்ணி, நஷ்டஈடு எழுதவேண்டும். பட்டாக்காரர் பெயரில் அல்ல, பயிர் வைத்தவர் பெயரில். பிடுங்குகிற வேலையையும் மருந்தடிக்கிற வேலையையும் சர்க்கார் கூலி கொடுத்து விவசாயத் தொழிலாளர்களிடம் விடவேண்டும். கிருமி சோதித்த கன்றைக் குத்தகைக்காரருக்கு இனாமாகக் கொடுக்கவேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைத் தோப்புக்கு அனுப்புங்கள், நம் பெண்கள் காம்பைக் காட்டிக் கொடுப்பார்கள். மகஜர் எழுதி வைத்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கவேண்டும்.

மகஜருக்குப் பதில் வருகிறவரை உட்கார்ந்திருக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், தோப்புக்கு நாலு பேராக வரிசை வரிசையாக நடந்து பார்ப்போம். அன்று யாரும் மண்வெட்டி கொண்டுவர வேண்டாம். சுண்ணாம்பும் துணியும் போதும். நோய் கண்ட மரத்தில் சுண்ணாம்பால் குறி போட்டு, தோப்பு வாரியாக எண்ணி எழுதிக்கொள்வோம். பயிர் வைத்தவர் கூடவே நடக்கவேண்டும். அவர் இல்லாமல் ஒரு வரப்பையும் தாண்டக்கூடாது. இலை அறுக்கிற அம்மாக்கள் முன்னால் நடக்கட்டும்.