சுத்திகரிப்பு நிலைய ஆப்பரேட்டருக்கு ஒரு துணை

தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது. பாலாற்றில் சேர்ந்ததோ உப்பும் குரோமியமும். 1996-இல் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் நள்ளிரவில் காற்றூட்டும் தொட்டியில் நுரை பொங்கினால், தனியாக நிற்கும் ஆப்பரேட்டர் யாரைக் கேட்பார்?

இதற்குக் கணினியில் ‘நிபுணர் அமைப்பு’ என்றொரு முறை உண்டு. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டதா, கசடு படியாமல் மிதக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, காரணத்தையும் செய்ய வேண்டியதையும் சொல்லும். அனுபவசாலிகள் சொல்லித் தந்த விதிகளே அதன் அறிவு.

ஓய்வுபெறும் மூத்த ஆப்பரேட்டர்களின் அனுபவம் நம்மிடம் உள்ள அமானிதம். அதைக் கேட்டு எழுதி வைக்க நாம் முன்வர வேண்டும். முதல் விதி இதுவாக இருக்கட்டும்: விஷவாயு இருக்கிறதா என்று சோதிக்காமலும், வெளியே துணைக்கு ஆள் இல்லாமலும் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அந்த மூத்தவர்களை நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனே தொடங்குவோம்.