கூடுதல் வட்டி தேடுவோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



வங்கிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது வட்டி விகிதம்தான். எதிர்ப்பக்க வங்கி அரை விழுக்காடு கூடத் தருகிறது என்றால் மனம் அங்கே தாவும். அதில் தவறில்லை. உழைத்துச் சேர்த்த பணத்துக்கு நல்ல வட்டி கேட்பது நியாயமே. ஆனால் பணத்தைப் போடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு காலத்துக்கு?

விளம்பரத்தில் போடப்படும் வட்டி ஆண்டுக் கணக்கில் சொல்லப்படுவது. 3.6 விழுக்காடு என்று அறிவித்த மூன்று மாத நிரந்தர வைப்பில் 10,000 வெள்ளி போட்டால் கிடைப்பது 360 வெள்ளி அல்ல, 90 வெள்ளி. பல சலுகைகள், வேறு வங்கியிலிருந்து கொண்டுவரும் புதிய பணத்துக்கு மட்டுமே. தவணை முடிந்ததும் வாடிக்கையாளர் பேசாமல் இருந்துவிட்டால், பெரும்பாலும் அந்தப் பணம் குறைந்த, வழக்கமான வட்டியில் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும். இடையிலேயே எடுத்தால் வட்டி குறையலாம், இல்லாமலும் போகலாம்.

வட்டி ஏறியே இருப்பதும் இல்லை. 2022 டிசம்பரில் ஆறு மாத அரசாங்கக் கருவூலப் பத்திரம் 4.4 விழுக்காடு ஈட்டியது. 2025 இறுதியில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. ஆகவே, எல்லாப் பணத்தையும் ஒரே தவணையில் பூட்டாமல் ஆறு மாதம், ஓராண்டு என்று பிரித்துப் போடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி: இது உண்மையிலேயே வைப்புத்தொகைதானா?

இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்த வேதனையைச் சிங்கப்பூர் 2008ல் கண்டது. 'மினிபாண்ட்', 'ஹை நோட்ஸ் 5' போன்ற முதலீடுகள் 5 விழுக்காட்டை ஒட்டிய வருமானம் தருவதாக விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஓய்வுபெற்ற மூத்தோரும் இருந்தனர். நிரந்தர வைப்பைப் போன்றதுதான் என்று நம்பியதாகப் பலர் பின்னர் கூறினர். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நொடித்தது. இங்கே ஏறத்தாழ 10,000 பேரின் 50 கோடி வெள்ளிக்கும் அதிகமான பணம் சிக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் ஹொங் லிம் பூங்காவில் வாரக்கணக்கில் கூடினார்கள். சிலருக்கு இழப்பீடு கிடைத்தது. எல்லாருக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2009ல் சிங்கப்பூர் நாணய ஆணையம், பத்து நிறுவனங்கள் இத்தகைய பத்திரங்களை விற்கத் தற்காலிகத் தடை விதித்தது.

உண்மையான வைப்புத்தொகைக்குக் காப்புறுதி உண்டு. சிங்கப்பூர் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் வரம்பு, 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி. ஒரே வங்கியில் மூன்று கணக்கு வைத்திருந்தாலும் மூன்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். திட்டத்தில் சேர்ந்த நிதி நிறுவனங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு நாணய வைப்புக்கும், சந்தை ஏற்ற இறக்கத்தோடு இணைத்து விற்கப்படும் வைப்புக்கும், யூனிட் டிரஸ்டுக்கும் கிடையாது. "இதற்கு வைப்புக் காப்புறுதி உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி: எந்த நாணயத்தில்?

லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்ப வரிசையில் நிற்போரிடையே அடிக்கடி அடிபடும் பேச்சு, 'ஊரில் வட்டி அதிகம்' என்பது. அது உண்மைதான். ஆனால் 2014ல் ஏறத்தாழ 48 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு வெள்ளியை, 2024ல் வாங்க 62 ரூபாய்க்கு மேல் தேவைப்பட்டது. அதாவது, ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை விழுக்காட்டை நாணய மாற்றே தின்றுவிட்டது. ஊரில் வீடு கட்டவும் பெற்றோர் செலவுக்கும் ரூபாயில் சேமிப்பது பொருந்தும். இங்கேயே பிள்ளையின் படிப்புக்கு வெள்ளியாகத் திரும்ப வேண்டிய பணம் என்றால், அந்த இழப்பைக் கழித்த பிறகே வட்டியை ஒப்பிட வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வங்கியில் போடும்போதும் அளக்க வேண்டியது வட்டியை மட்டுமல்ல. கால் விழுக்காடு குறைந்தால் 10,000 வெள்ளிக்கு ஆண்டில் 25 வெள்ளிதான் நட்டம். முதலே போய்விட்டால், அறுபது வயதுக்கு மேல் அதை மறுபடி சம்பாதிக்க முடியாது.