இந்த வாரம் பார்த்துச் சிரித்தது
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய உரை என்னுடையது. உங்கள் கவனம் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை பால்கோவாவில் தொடங்கும். ராஜபாளையத்துப் பிள்ளை நாயில் தொடங்கும். நாற்பது நோட்டிலும் ஒரே கைடு பேசும். அதனால் எட்டாம் வகுப்பில் தலைப்பை மாற்றினேன்: 'இந்த வாரம் நீ பார்த்துச் சிரித்தது'. அடுப்படி முதல் பூங்கா வரை எதுவும் எழுதலாம். கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்ததைக் கேளுங்கள். 2019-இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், கடைகளில் அகலச் சட்டி நிறையப் பால் சுண்டுகிறது, வழிவதில்லை. வீட்டில் அரை லிட்டர் பாலுக்கு மூன்று பேர் காவல். பொங்கி அடுப்பு அணைந்த பிறகு, "நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்" என்று மூவரும் சொல்வார்களாம்.

பேருந்தில் ஜன்னல் வழியே கர்சீப் போட்டு இடம் பிடித்தவர், உட்கார்ந்த பிறகுதான் அது வெயில் அடிக்கும் பக்கம் என்று கண்டு, அதே கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டாராம்.

2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டதை வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு பையன் எழுதினான்: நம்ம ஊர் நாய் தபால்தலையில் இருக்கிறது, பூங்காவில் லாப்ரடார் நடக்கிறது. 'நாய்' என்பதை 'னாய்' என்று எழுதியவன், லாப்ரடாரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தான்!

ஒரு தாளில் மட்டும் எனக்குத் தயக்கம். தூக்கக் கலக்கத்தில் அம்மா காபியில் உப்பைப் போட்டதை ஒருவன் எழுதினான். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். நான் கண்டிக்கவில்லை, காபிக்கு முன்பும் பின்பும் நடந்ததைச் சேர்த்து எழுதி வரச் சொன்னேன். மறுநாள் வந்தது: விடிந்து வீட்டுக்கு வந்ததும் படுக்காமல் இட்லிக்கு அடுப்பை மூட்டிய அம்மா; அந்தக் காபியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த அப்பா. வகுப்பு மறுபடியும் சிரித்தது. ஆனால் முந்தைய நாள் சத்தம் இல்லை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதற்கு ஒரு பாடவேளை அறிவுரை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

"பரீட்சையில் இதைக் கேட்பார்களா சார்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். கேட்க மாட்டார்கள். ஆனால் மூன்று வரிக்கு மேல் எழுதாத பிள்ளை இப்போது இன்னொரு தாள் கேட்கிறது.

உங்கள் வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். 'ஆசிரியர் அறையில் பார்த்துச் சிரித்தது' என்று மட்டும் தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளே ஒருமுறை கேட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு வந்துவிட்டது போலிருக்கிறது.