வரைபடம் கற்றுத்தந்த பாடம்



என் அக்கா மகள் புவியியல் படிக்கப்போவதாகச் சொன்னபோது, "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டவன் நான். பொறியாளன் அல்லவா!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் அவள் வரைபடத்தை விரித்தாள்.

"மாமா, ஆத்துல எட்டு அணைக்கட்டு. சுத்தமல்லியில பிரியிற நெல்லைக் கால்வாய் நம்ம பேட்டை வழியாத்தான் குளங்களுக்குப் போகுது. குளத்தையும் ஓடையையும் தூர்த்துட்டா தண்ணி எங்க போகும்?"

ஓடையோரத்து மனைகளுக்குச் சாலை போட்டுக் கொடுத்தவன் நான். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது எந்த வேலையை ஏற்கும் முன்னும் அவளிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்கிறேன். நீங்களும் மனை வாங்குமுன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்.