முழங்கால் வலியும் மேல்முதுகும்

காலையில் பூங்காவில் நடப்பவர்களைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சிலருக்கு மேல்முதுகு வளைந்திருக்கும். ஆள் வருவதற்கு முன்னால் தலை வந்துவிடும். கையில் செல்போன் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தலை, கைகள், நடுவுடல் எல்லாம் சேர்ந்து நம் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முதுகு கூனினால் இந்தச் சுமை முன்பக்கம் சரியும். குப்புற விழாமலிருக்க உடம்பு இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளும். அங்கேதான் வினை. கால் நேராக இருந்தால் எலும்பின்மேல் எலும்பு நின்று எடையைத் தாங்கும். மடங்கிவிட்டாலோ தொடையின் முன்தசை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பு முழங்கால் சில்லைத் தொடை எலும்போடு வைத்து அழுத்தும். சமதரையில் ஒழுங்காக நடந்தாலே மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. அதற்கும் மேல் இது!

சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நில்லுங்கள். நேரே பார்த்தபடி, மோவாயைத் தூக்காமல், பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடவில்லையென்றால், மூட்டுக்குத் தைலம் வாங்கப் போகிற வழியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதுகையும் காட்டிவிட்டு வாருங்கள்.